யார் கேட்பது, யார் கொடுப்பது: கணினி நெட்வொர்க் கட்டமைப்புகள் ஓர் அறிமுகம்

வாட்ஸ்அப்பில் ஒருவருக்குச் செய்தி அனுப்புகிறீர்கள். ஒரு டிக் விழுகிறது. அவருடைய போன் சார்ஜ் தீர்ந்து அணைந்து கிடந்தால், இரண்டாவது டிக் விழாமல் அப்படியே நிற்கும். ஒற்றை டிக் விழுந்துவிட்டதால் செய்தி உங்கள் போனை விட்டுக் கிளம்பிவிட்டது. ஆனால் அவர் போனுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. அப்படியென்றால் இந்த நேரத்தில் அது எங்கே இருக்கிறது?

நடுவில் உள்ள ஒரு கணினியில் இருக்கிறது. அந்தக் கணினி செய்தியைப் பூட்டிய நிலையிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, அவர் போன் மறுபடி இணைப்புக்கு வரும்வரை காத்திருக்கும். 30 நாள் ஆகியும் வரவில்லை என்றால் அழித்துவிடும். பூட்டைத் திறக்கும் சாவி இருவரின் கருவிகளிலும்தான் உண்டு என்பதால் நடுக் கணினியால் செய்தியைப் படிக்க முடியாது. ஆனாலும் அது இல்லாமல் செய்தி போய்ச் சேராது.

ஒரு நெட்வொர்க்கில் இப்படி நடுவில் யாராவது இருக்கிறார்களா, இருந்தால் அவர்கள் கையில் என்னென்ன இருக்கிறது, அவர்கள் திடீரென்று காணாமல் போனால் என்ன ஆகும்? நெட்வொர்க்கின் கட்டமைப்பு என்று நாம் பேசுவதெல்லாம் இந்தக் கேள்விகளுக்கான பதில்தான். அதை இந்தக் கோணத்தில் பார்க்கப் பழகினால் மீதி எல்லாம் எளிதாகப் பிடிபடும் என்பது என் நம்பிக்கை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பாடப்புத்தகங்களில் ஸ்டார், ரிங், பஸ், மெஷ் என்று படம் போட்டுக் காட்டுவார்கள். அது டோபாலஜி, அதாவது எந்தக் கருவி எதோடு இணைந்திருக்கிறது என்பதன் வரைபடம். லேன், வேன் என்பவை நெட்வொர்க் எவ்வளவு தூரம் பரந்திருக்கிறது என்பதைச் சொல்பவை. கட்டமைப்பு இந்த இரண்டும் இல்லை. அது வேலைப் பிரிவினை. உங்கள் வீட்டில் எல்லாக் கருவிகளும் ஒரே வைஃபை ரூட்டரோடு இணைந்திருப்பதால், இணைப்பைப் பொறுத்தவரை அது ஸ்டார். அதே இணைப்பில் போனிலிருந்து டிவிக்கு நேராகப் போட்டோ காட்டலாம். அல்லது அமெரிக்காவில் உள்ள ஒரு கணினியிடம் கேட்டு வீடியோ பார்க்கலாம். இணைப்பு ஒன்றேதான், வேலைப் பிரிவினைதான் வேறு.

கிளையண்ட், சர்வர்

நாம் தினமும் அதிகம் பயன்படுத்துவது இதைத்தான். கேட்கும் கணினி கிளையண்ட், கொடுக்கும் கணினி சர்வர். பிரவுசரில் ஒரு தளத்தின் பெயரை அடித்து எண்டர் தட்டியதும் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கணினிகளுக்குப் பெயர் புரியாது, எண்தான் புரியும். அதனால் பிரவுசர் முதலில் டிஎன்எஸ் என்ற பெயர்ப் பதிவேட்டிடம் போய், ‘இந்தப் பெயருக்கு எந்த ஐபி முகவரி?’ என்று கேட்கும். இன்டர்நெட்டின் ஆரம்ப காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவில் இருந்த ஓர் ஆய்வு நிறுவனம் அதைப் பராமரிக்க, மற்றவர்கள் நகல் எடுத்துக்கொள்வார்கள். கணினிகள் பெருகப் பெருக அது சமாளிக்க முடியாமல் போகவே, 1983ல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார்.

முகவரி கிடைத்ததும் பிரவுசர் அந்தச் சர்வரின் 443ஆம் போர்ட்டைத் தட்டும். போர்ட் என்பது ஒரு கணினிக்குள் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண்ணிட்ட வாசல். ‘பேசலாமா?’ என்று ஒரு சிறு பாக்கெட், அதாவது தகவல் பொட்டலம், போகும். ‘பேசலாம், நான் சொல்வது கேட்கிறதா?’ என்று பதில் வரும். ‘கேட்கிறது’ என்று மூன்றாவதாக ஒன்று போகும். டிசிபி என்ற விதிமுறைப்படி இணைப்பு இப்படித்தான் உண்டாகிறது. அப்புறம் இருவரும் ரகசியச் சாவியைப் பேசி முடிவு செய்துகொள்கிறார்கள். அதற்குப் பிறகுதான் ‘முகப்புப் பக்கத்தைக் கொடு’ என்ற உண்மையான கோரிக்கை போகிறது. பக்கம் இருந்தால் 200 என்ற எண்ணோடு பக்கம் வரும். இல்லையென்றால் நமக்கெல்லாம் பழக்கமான 404 வரும்.

இதில் கவனிக்க வேண்டியது, பேச்சை எப்போதும் தொடங்குவது கிளையண்ட்தான். சர்வர் காத்துக்கொண்டு இருக்குமே தவிர, தானாக உங்களைத் தேடி வராது. ‘அப்படியானால் போனில் நோட்டிஃபிகேஷன் மட்டும் தானாக வருகிறதே?’ என்று கேட்கலாம். உங்கள் போன் கூகுள் அல்லது ஆப்பிள் சர்வரோடு ஏற்கெனவே ஓர் இணைப்பைத் தொடங்கி, அதை மூடாமல் வைத்திருக்கிறது. அந்தத் திறந்த வழியில்தான் வருகிறது.

இன்னொன்று, சர்வர் என்றதும் குளிரூட்டிய அறையில் விளக்குகள் மினுக்கும் பெரிய இயந்திரம் நினைவுக்கு வரும். அது அவசியமில்லை. ஒரு போர்ட்டில் காதைத் திறந்துவைத்துக்கொண்டு, கேட்பவருக்குப் பதில் சொல்லும் எந்த நிரலும் சர்வர்தான். உங்கள் லேப்டாப்பில் பைத்தான் இருந்தால் ஒரே வரிக் கட்டளையில் அதைச் சர்வராக்கிவிடலாம்.

இந்தக் கட்டமைப்பின் பெரிய பலம், ‘உண்மை’ ஒரே இடத்தில் இருப்பது. ரயிலில் தத்கால் டிக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காலை 10 மணிக்கு ஏசி வகுப்புக்கும் 11 மணிக்கு மற்ற வகுப்புகளுக்கும் பதிவு திறக்கிறது. அந்த நிமிடத்தில் நாடு முழுக்க ஏராளமானோர் ஒரே நேரத்தில் கேட்கிறார்கள். ஒரு பெர்த்தை இரண்டு பேருக்கு விற்றுவிடக் கூடாது. ‘இந்தப் பெர்த் போய்விட்டது’ என்று சொல்ல ஒரே ஒரு பதிவேடு இருந்தால்தான் அது நடக்கும். வங்கிக் கணக்கும் அப்படித்தான்.

பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. எல்லோரும் ஒருவரிடமே போய் நின்றால் அவர் திணறுவார். அதற்குத்தான் அடுக்குகளாகப் பிரிக்கிறார்கள். நாம் பார்க்கும் திரை ஓர் அடுக்கு. கணக்குப் போட்டு முடிவெடுக்கும் அப்ளிகேஷன் சர்வர் அடுத்த அடுக்கு. தகவலைச் சேமிக்கும் டேட்டாபேஸ் மூன்றாவது அடுக்கு. நடு அடுக்கில் ஒரே மாதிரி 20 சர்வர்களை நிறுத்திவைத்து, முன்னால் ஒரு லோட் பேலன்சரை வைத்தால், அது வரும் கோரிக்கைகளைப் பங்கிட்டு அனுப்பும். ஒரு சர்வர் படுத்துவிட்டாலும் மற்ற 19ம் பார்த்துக்கொள்ளும். ஆனால் டேட்டாபேஸை அவ்வளவு எளிதாகப் பெருக்க முடியாது. படிப்பதற்கு மட்டும் பல நகல்கள் வைக்கலாம். எழுதுவது பெரும்பாலும் ஒரு முதன்மைக் கணினியில்தான் நடக்க வேண்டும். இல்லையென்றால் அதே பெர்த் இரண்டு நகலில் இரண்டு பேருக்குப் போய்விடும். பெரிய தளங்கள் நெரிசலில் நத்தையாக நகரும்போது பல சமயம் சிக்கல் இந்தக் கடைசி அடுக்கில்தான் இருக்கும்.

நடுவில் யாரும் வேண்டாம் என்றால்

பியர் டு பியர் கட்டமைப்பில் கேட்பவரும் கொடுப்பவரும் ஒருவரே. ஒவ்வொரு கணினியும் ஒரே சமயத்தில் கிளையண்டாகவும் சர்வராகவும் இருக்கும்.

இதன் மிக எளிய வடிவம் சின்ன அலுவலகங்களில் இருக்கிறது. ஐந்து கணினிகள், தனிச் சர்வர் கிடையாது. ஒருவருடைய கணினியில் பிரிண்டர், இன்னொருவருடையதில் பில் ஃபைல்கள், எல்லோரும் ஷேர் செய்துகொள்வார்கள். விண்டோஸில் இதை வொர்க்குரூப் என்பார்கள். செலவு இல்லை, அமைப்பதும் சுலபம். ஆனால் பிரிண்டர் இருக்கும் கணினியை அணைத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனால் யாரும் பிரிண்ட் எடுக்க முடியாது. சாதாரண விண்டோஸ் 10, 11 கணினி ஷேர் செய்யும் ஃபோல்டரில் ஒரே நேரத்தில் 20 இணைப்புகளுக்கு மேல் அனுமதிப்பதும் இல்லை. ஆள் கூடினால் சர்வருக்கு மாறுவதுதான் சரி.

உலக அளவில் இந்த யோசனை மக்களிடம் வந்தது 1999ல் நாப்ஸ்டர் என்ற பாட்டுப் பகிர்வுச் சேவை மூலம். பாட்டுகள் பயனர்களின் கணினிகளிலேயே இருந்தன. ஒருவரிடமிருந்து இன்னொருவர் நேராக எடுத்துக்கொண்டார்கள். ஆனால் யாரிடம் எந்தப் பாட்டு இருக்கிறது என்ற பட்டியல் மட்டும் நாப்ஸ்டரின் சர்வரில் இருந்தது. காப்புரிமை வழக்கில் தோற்று 2001 ஜூலையில் அந்தச் சேவை நின்றபோது, கோடிக்கணக்கான பாட்டுகள் அவரவர் கணினியில் பத்திரமாகத்தான் இருந்தன. பட்டியல் போனதும் எல்லாம் போய்விட்டது.

பட்டியலே வேண்டாம் என்று 2000ல் வந்தது நுடெல்லா. ஒரு பாட்டு வேண்டுமென்றால் பக்கத்தில் உள்ள சில கணினிகளிடம் கேட்பது. அவர்கள் தங்கள் பக்கத்துக் கணினிகளிடம் கேட்பார்கள். ஏழு கை மாறியதும் கேள்வி நின்றுவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் நான்கு பக்கத்துக் கணினிகள் என்றால், முதல் சுற்றில் 4 கேள்விகள். கேட்டவரை விட்டு மற்ற மூவரிடம் அனுப்புவதால் அடுத்தது 12, பிறகு 36, 108, 324, 972, கடைசியில் 2,916. ஒரே ஒரு தேடலுக்கு மொத்தம் 4,372 செய்திகள். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் தேடினால் நெட்வொர்க்கில் கேள்விகள் மட்டுமே நிறைந்திருக்கும்.

பெரிய ஃபைல்களைப் பலர் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள உதவும் பிட்டோரண்ட்டைத்தான் நான் இந்தத் துறையின் மிக அழகான வடிவமைப்புகளில் ஒன்றாக நினைக்கிறேன். 2001ல் பிராம் கோஹன் எழுதியது. திருட்டுப் படங்களோடு சேர்ந்து அதன் பெயர் கெட்டுப்போனதால், அதன் உள்ளே இருக்கும் யோசனையை நிறையப் பேர் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள். லினக்ஸ் வெளியீடுகள் பலவற்றை இன்றும் சட்டப்படியே இதில் இறக்கிக்கொள்ளலாம்.

100 பேருக்கு 1 ஜிபி ஃபைல் ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்று வையுங்கள். உங்கள் சர்வரின் அப்லோட் வேகம் நொடிக்கு 100 மெகாபிட். 1 ஜிபி என்பது ஏறக்குறைய 8,000 மெகாபிட். ஒருவருக்கு 80 நொடி. நூறு பேருக்கு 8,000 நொடி, அதாவது இரண்டேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 200 பேர் என்றால் நேரம் இரட்டிப்பாகும்.

இப்போது ஃபைலைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டுங்கள். ஆளுக்கு வெவ்வேறு துண்டைக் கொடுங்கள். கிடைத்த துண்டை உடனே மற்றவர்களுக்கு அவர்களே கொடுக்கட்டும். ஒவ்வொருவரின் அப்லோட் வேகம் நொடிக்கு வெறும் 10 மெகாபிட் என்றாலும், நூறு பேருக்கு 1,000. உங்கள் 100ஐயும் சேர்த்தால் 1,100. கொடுக்க வேண்டியது மொத்தம் 8,00,000 மெகாபிட். வகுத்துப் பார்த்தால் சுமார் 727 நொடி. எல்லாம் சரியாக நடந்தால் 12 நிமிடத்தில் நூறு பேருக்கும் கிடைத்துவிடும். ஆள் கூடக் கூடக் கொடுக்கும் கைகளும் கூடுகின்றன. சர்வர் கட்டமைப்பில் பாரமாக இருந்த கூட்டம் இங்கே பலமாக மாறிவிடுகிறது.

இதைச் சாத்தியமாக்க இரண்டு மூன்று நுட்பங்கள் உண்டு. எல்லோரும் முதல் துண்டையே முதலில் கேட்டால் கடைசித் துண்டு ஒருவரிடம் மட்டும் இருக்கும், அவர் போய்விட்டால் எல்லோரும் 99 சதவீதத்தில் நிற்க வேண்டியதுதான். அதனால் மிகக் குறைவான பேரிடம் உள்ள துண்டையே முதலில் கேட்க வேண்டும் என்பது விதி. தனக்குக் கொடுப்பவருக்கே கணினி முன்னுரிமை கொடுக்கும். வாங்கிக்கொண்டு மட்டும் இருப்பவருக்கு வேகம் குறையும். முன்பின் தெரியாதவரிடமிருந்து வரும் துண்டை எப்படி நம்புவது? ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கணிதக் கைரேகை, அதாவது ஹேஷ், முன்கூட்டியே டோரண்ட் ஃபைல் என்ற சிறு குறிப்பு ஃபைலில் எழுதப்பட்டிருக்கும். வந்த துண்டின் ஹேஷ் அதோடு பொருந்தவில்லை என்றால் தூக்கிப் போட்டுவிட்டு வேறொருவரிடம் கேட்கும்.

சரி, யாரிடம் என்ன இருக்கிறது என்று யார் சொல்வது? ஆரம்பத்தில் அதற்கு டிராக்கர் என்ற சர்வர் தேவைப்பட்டது. ஆக, நடுவில் ஒருவர் மறுபடியும் வந்துவிட்டார். பின்னர் அந்தப் பட்டியலையே துண்டு துண்டாக்கி எல்லோரிடமும் பிரித்துக்கொடுக்கும் முறை வந்தது. கடெம்லியா என்ற 2002ஆம் ஆண்டு வடிவமைப்பு அப்படிப்பட்டது. அதில் ஒவ்வொரு படியிலும் தேடும் இடம் குறைந்தது பாதியாகிறது. அதனால் பத்து லட்சம் கணினிகள் இருந்தாலும் இருபது படிகளுக்குள் சரியான ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். நுடெல்லாவின் 4,372 செய்திகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனாலும் புதிதாக உள்ளே நுழையும் கணினிக்கு, ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒருவரின் முகவரியாவது தெரிந்திருக்க வேண்டும். அதை எங்கிருந்தாவது கொடுத்தாக வேண்டும். நடுவில் இருப்பவரை எவ்வளவு துரத்தினாலும் வாசலில் ஒரு சின்ன இடம் அவருக்கு மிஞ்சுகிறது.

இரண்டும் கலந்தது

உண்மையில் நாம் பயன்படுத்தும் பலவும் கலப்புதான். வீடியோ காலை எடுத்துக்கொள்வோம். இருவர் பேசும்போது படமும் குரலும் இரண்டு போன்களுக்கு நடுவே நேராகப் போனால் தாமதம் குறையும். ஆனால் முதலில் ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்க வேண்டுமே? அதற்குச் சர்வர் வேண்டும்.

கண்டுபிடித்த பிறகும் ஒரு தடை உண்டு. வீட்டு வைஃபையில் உங்கள் போனின் முகவரி, பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும், வீட்டுக்குள் மட்டும் செல்லும் முகவரி. வெளியுலகத்துக்கு ரூட்டரின் முகவரிதான் தெரியும். பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் தெரு முகவரி மட்டும் எழுதிய பார்சல் வந்தால் வாட்ச்மேனுக்கு எந்த வீடு என்று தெரியாது. நீங்களே ஆர்டர் சொல்லிவைத்திருந்தால்தான் உள்ளே விடுவார். நேட் எனப்படும் இந்த ஏற்பாடும் அப்படித்தான், உள்ளிருந்து தொடங்கிய பேச்சுக்கு மட்டும் பதிலை உள்ளே விடும். அதனால் இரண்டு போன்களும் முதலில் வெளியில் உள்ள ஒரு சர்வரிடம் ‘நான் வெளியிலிருந்து பார்த்தால் எந்த முகவரியில் தெரிகிறேன்?’ என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, இரண்டு பக்கமிருந்தும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பாக்கெட் அனுப்பும். இரண்டு ரூட்டர்களும் ‘இது உள்ளிருந்து தொடங்கியதுதான்’ என்று நம்பி வழிவிடும். அதுவும் பலிக்காவிட்டால் எல்லாமே, நடுவில் நின்று வாங்கி அனுப்பும் ஒரு ரிலே சர்வர் வழியாகப் போகும். நேர் இணைப்பில் உங்கள் ஐபி முகவரி எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். அதை மறைக்க விரும்புவோருக்காகவே, அழைப்புகளைச் சர்வர் வழியாக அனுப்பும் ஒரு செட்டிங் வாட்ஸ்அப்பில் இருக்கிறது.

எனக்கு இதில் வருத்தம் தரும் ஒன்று உண்டு. இன்டர்நெட்டின் முன்னோடியான அர்பாநெட்டில், 1969 இறுதியில், நான்கு கணினிகள் இருந்தன. நான்கும் சம உரிமை உள்ளவை. யாரும் யாரோடும் பேசலாம். பின்னர் முகவரிப் பற்றாக்குறையால் நேட் வந்தது. வீட்டு இணைப்புகளில் டவுன்லோட் அதிகமாகவும் அப்லோட் குறைவாகவும் கொடுத்தார்கள். இரண்டும் சேர்ந்து நம் வீட்டுக் கணினிகளை வாங்கிக்கொள்ள மட்டும் தெரிந்தவையாக ஆக்கிவிட்டன. முகவரிப் பஞ்சமில்லாத புதிய முறையான ஐபிவி6 பரவியதும் ஃபைபர் இணைப்புகளில் இரு பக்கமும் ஒரே வேகம் கிடைப்பதும் இதைக் கொஞ்சம் சரிசெய்து வருகின்றன.

தூரமும் நகல்களும்

சர்வர் கட்டமைப்பே தன்னைப் பரப்பிக்கொண்ட வடிவம்தான் சிடிஎன், அதாவது தகவலின் நகல்களைப் பல ஊர்களில் வைத்துக் கொடுக்கும் நெட்வொர்க். ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002ல் போட்ட ஐ2ஐ கடலடி கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். போக 16 மில்லிநொடி, வர 16. அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் போய் வர, நடைமுறையில் 200 மில்லிநொடிக்கும் மேல் ஆகும். முன்னால் பார்த்த மூன்று கட்டங்களும், அதாவது இணைப்பு, சாவி, கோரிக்கை, ஒவ்வொன்றும் ஒருமுறை போய்வந்தால் 600 மில்லிநொடி. பக்கத்தின் முதல் எழுத்து வருவதற்கே அரை நொடிக்கு மேல். ஒளியை வேகப்படுத்த முடியாது. தூரத்தைத்தான் குறைக்கலாம். அதனால் படங்கள், வீடியோக்களின் நகலைப் பயனருக்கு அருகில் உள்ள நகரங்களில் வைக்கிறார்கள். 1998ல் தொடங்கிய அகமாய் இதைத் தொழிலாகவே செய்த முதல் நிறுவனங்களில் ஒன்று. எல்லோருக்கும் ஒரே மாதிரியான படத்துக்கு இது பொருந்தும். ரயில் பெர்த்துக்குப் பொருந்தாது.

பரப்பி வைத்தாலும் நடுவில் ஒரே நிர்வாகம் இருந்தால் ஆபத்து தீராது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் நின்றன. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை, அந்த நிறுவனத்தின் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டது. தரவு மையங்களோடு பேச முடியாத அதன் டிஎன்எஸ் சர்வர்கள், ‘எங்களை அடைய இதுதான் வழி’ என்ற தங்கள் அறிவிப்புகளை இன்டர்நெட்டிலிருந்து தாங்களே விலக்கிக்கொண்டன. சர்வர்கள் உயிரோடுதான் இருந்தன. அவற்றுக்கான பெயரும் வழியும்தான் மறைந்துபோயின. மின்னஞ்சலுக்கு இப்படி நடக்காது. ஒரு நிறுவனத்தின் மெயில் சர்வர் நின்றாலும் மற்ற நிறுவனங்களின் சர்வர்கள் தங்களுக்குள் அஞ்சலை அனுப்பிக்கொண்டே இருக்கும். சர்வர்கள் உண்டு, ஆனால் ஒரே தலைவர் இல்லை. நீண்ட காலம் நிலைக்க வேண்டிய எதையும் நான் இந்த வகையில்தான் கட்டச் சொல்வேன்.

நீங்கள் பயன்படுத்தும் ஒரு செயலி எந்த வகை என்று வீட்டிலேயே சோதிக்கலாம். ரூட்டரை ஓடவிட்டு, அதற்கு வரும் இன்டர்நெட் கேபிளை மட்டும் கழற்றுங்கள். வைஃபை இருக்கும், வெளியுலகம் இருக்காது. போன்களில் மொபைல் டேட்டாவையும் அணைத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு போன்களில் உள்ள குயிக் ஷேர் வசதியில் ஒரு போனிலிருந்து பக்கத்துப் போனுக்குப் படம் அனுப்பிப் பாருங்கள். வைஃபை பிரிண்டரில் ஒரு பக்கம் எடுத்துப் பாருங்கள். வீட்டில் ஸ்மார்ட் பல்பு இருந்தால் அதைப் போனிலிருந்து போட்டு அணைத்துப் பாருங்கள். பல்பு எரியவில்லை என்றால், ஒரே அறையில் இருக்கும் உங்கள் போனும் பல்பும் எங்கோ இருக்கும் ஒரு சர்வர் வழியாகத்தான் இதுவரை பேசிக்கொண்டிருந்தன என்று அர்த்தம்.